உரக்கடை எலி

கராஜில் கார் நிற்க வேண்டிய இடத்தில் எங்கள் வீட்டில் ஓர் எலி நிற்கிறது. பிறந்த வருடம் 1971. நூறு சிசி, டூ ஸ்ட்ரோக், ஐந்து கியர். விளக்கு கிடையாது, ஹாரன் கிடையாது. பெயர் சூப்பர் ராட். நான் செல்லமாக வைத்த பெயரல்ல. ஹொடாகா என்ற கம்பெனியே தொட்டிலில் போட்டு வைத்த பெயர். கார் வெளியே நனைகிறது. ஓரிகான் மாநிலத்தின் மேற்குப் பக்கத்தில் ஐப்பசியில் பிடிக்கிற மழை சித்திரை தாண்டியும் விடாது என்பதால், காருக்கு எலியின் மேல் இருக்கும் வருத்தம் நியாயமானதுதான். என் மனைவியின் வருத்தத்துக்கு மழை, வெயில் கணக்கெல்லாம் கிடையாது.

"வீட்டுக்குள்ள எலி வந்தா ஊர்ல பொறி வைப்பாங்க. இவரு காசு குடுத்து, வாடகை வண்டி வச்சுக் கூட்டிட்டு வந்தாரு" என்று பொங்கல் விழாவில் எல்லோரிடமும் சொல்லிச் சிரித்தாள். கூடச் சிரித்தவர்களில் பாதிப் பேர் வீட்டில் பெட்டி பிரிக்காத டிரெட்மில் இருக்கிறது. நான் ஒன்றும் சொல்லவில்லை.

செய்தி அன்றே பாளையங்கோட்டைக்குப் போய்விட்டது. "ஏல, எலி வாங்கியிருக்கியாம்லா? அந்த ஊர்ல எலிக்குமா பஞ்சம்?" என்று அம்மா கூப்பிட்டாள். வீடியோவில் காட்டினேன். கண்ணாடியை ஏற்றிவிட்டு உற்றுப் பார்த்தாள். "இது நம்ம கடை வண்டி மாதிரில்லா இருக்கு. என்ன விலைல?" டாலரில் சொல்லியிருக்க வேண்டும், பழக்க தோஷத்தில் ரூபாயாக்கி, ஒரு லட்சத்துப் பதினாறாயிரம் என்று சொல்லிவிட்டேன். சிறிது நேரம் மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்டது. "ஓடுமால?" என்றாள். இல்லை என்றேன். "போனை அவகிட்ட குடு" என்றாள். மாமியாரும் மருமகளும் அவ்வளவு ஒற்றுமையாகப் பேசி நான் கேட்டதில்லை. அந்த வகையில் எலி குடும்பத்துக்கு நல்லதே செய்திருக்கிறது.

நம்மூரில் வண்டிக்குப் பெயர் வைப்பதென்றால் ஒரு கம்பீரம் வேண்டும். ராஜ்தூத் என்றால் அரசனின் தூதர். புல்லட் என்றால் துப்பாக்கிக் குண்டு. தூதர் மேட்டில் ஏற மாட்டார், குண்டு மழையில் ஸ்டார்ட் ஆகாது. ஆனாலும் பெயரில் குறை வைக்க மாட்டோம். ஹொடாகாக்காரர்களுக்கு அந்தக் கூச்சமே இல்லை. சூப்பர் ராட், டர்ட் ஸ்குவர்ட், ரோட் டோட், காம்பாட் வாம்பட், தண்டர்டாக். அதாவது மகா எலி, மண் பீச்சான், சாலைத் தேரை, சண்டைக்கார வாம்பட், இடி நாய். வாம்பட் என்பது ஆஸ்திரேலியாவில் வளை தோண்டி வாழ்கிற பிராணி. பெருச்சாளி வீட்டில் கரடி சம்பந்தம் செய்தது போல இருக்கும். அதைச் சண்டைக்கு அனுப்பலாம் என்று ஒருவருக்குத் தோன்றி, இன்னொருவர் சரி என்று தலையாட்டி, மூன்றாமவர் ஸ்டிக்கரும் அடித்திருக்கிறார். இருபத்தைந்து வருடமாக மென்பொருள் கம்பெனிக் கூட்டங்களில் உட்கார்ந்திருக்கிறேன். அப்படி ஒரு கூட்டம் எனக்கு வாய்க்கவில்லை.

அந்தக் கூட்டத்தில் இருந்தவர்கள் யார் என்று தேடிப் போனதில்தான் நான் மாட்டிக்கொண்டேன். அவர்கள் உரக்கடைக்காரர்கள்.

ஹொடாகா, ஜப்பானில் நகோயாவில் இருந்த கம்பெனி. யமகுச்சி என்ற மோட்டார்சைக்கிள் கம்பெனிக்கு என்ஜின் மட்டும் செய்து கொடுத்துக்கொண்டிருந்தது. யமகுச்சி வண்டிகளை வாங்கி அமெரிக்காவில் விற்றது, ஓரிகானின் வடகிழக்கு மூலையில் அத்தீனா என்ற சிற்றூரில் இருந்த பசிபிக் பேசின் டிரேடிங் கம்பெனி. சுருக்கமாக பபாட்கோ. அதைப் பெற்றெடுத்தது, கோதுமை விவசாயிகளுக்கு உரமும் பூச்சி மருந்தும் விற்றுவந்த ஒரு நிறுவனம். 1963இல் யமகுச்சி திவாலாகிவிட்டது. இந்தக் கரையில் விற்பதற்கு வண்டி இல்லாத உரக்கடைக்காரர்கள். அந்தக் கரையில் மாட்டுவதற்கு வண்டி இல்லாத என்ஜின்கள். ஜாதகம் இதைவிடப் பொருந்தாது. "முழு வண்டியையும் நீங்களே செய்யுங்கள், எப்படி இருக்க வேண்டும் என்று நாங்கள் சொல்கிறோம்" என்று அத்தீனாவிலிருந்து ஆள் போயிற்று. முழு வண்டி செய்து பழக்கமே இல்லாத கம்பெனியும், வண்டி வடிவமைத்துப் பழக்கமே இல்லாத உரக்கடையும் சேர்ந்து 1964இல் ஏஸ் 90 என்ற வண்டியைக் கொண்டுவந்தார்கள். எல்லா நியாயப்படியும் அது ஊற்றிக்கொண்டிருக்க வேண்டும். மாறாக, 1978இல் கடையைக் கட்டுவதற்குள் சுமார் ஒன்றரை லட்சம் வண்டி விற்றுவிட்டார்கள்.

ஏன் விற்றது என்பதும் எனக்குப் புரிகிறது. அந்தக் காலத்தில் மண்ணில் ஓட்டுவதென்றால், ரோட்டு வண்டியை வாங்கி விளக்கைக் கழற்றி, மட்கார்டை வெட்டி, சைலன்சரை மேலே தூக்கிக் கட்டி ஓட்டுவார்கள். அத்தீனாக்காரர்கள் கோதுமை வயலிலும் மலைப்பாதையிலும் தாங்களே ஓட்டிப் பார்த்து, எது உடைகிறதோ அதைத் திருத்தச் சொல்லி ஜப்பானுக்கு எழுதினார்கள். விலையும் குறைவு. பதினாறு வயதுப் பையன் பேப்பர் போட்டுச் சேர்த்த காசில் வாங்கலாம். அந்தப் பையனுக்கு இன்று எழுபது வயது. அவன்தான் இன்று எனக்குப் போட்டியாக இணைய ஏலத்தில் உட்கார்ந்து எல்லாவற்றின் விலையையும் ஏற்றிவிடுகிறான்.

என் அப்பா அம்பாசமுத்திரத்தில் முப்பது வருடம் உரக்கடை வைத்திருந்தார். யூரியா, டி.ஏ.பி., பொட்டாஷ். அவரிடம் போய் ஒருவர், "அண்ணாச்சி, நாம ஒரு மோட்டார்சைக்கிள் பண்ணி விப்பமா? எலின்னு பேரு வைப்போம்" என்று கேட்டிருந்தால், பிசானத்துக்கு வாங்கிய பழைய பாக்கியை எடுத்து வைக்கச் சொல்லியிருப்பார். அப்பாவிடம் இருந்தது யெஸ்டி மோட்டார்சைக்கிள். அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

ஒரு கோடை விடுமுறையில் குடும்பத்தை அத்தீனாவுக்கு அழைத்துப் போனேன். எங்கே போகிறோம் என்று கேட்டதற்கு "ஒரு புண்ணியத் தலம்" என்று மட்டும் சொன்னேன். பொய்யில்லை, ஹொடாகா டேஸ் என்ற பெயரில் பழைய வண்டிக்காரர்கள் அங்கே கூடித் திருவிழாவே நடத்தியிருக்கிறார்கள். போர்ட்லாந்திலிருந்து கொலம்பியா ஆற்றோரமாகவே நாலு மணி நேரம். அருவி எல்லாம் போன பிறகு, கண்ணுக்கெட்டிய வரை கோதுமை. ஆயிரத்துச் சொச்சம் பேர் வாழும் ஊர். காரை நிறுத்தினேன். மனைவி இறங்கி நாலு திசையும் பார்த்தாள். "கோயில் எங்க?" என்றாள். "இந்த ஊர்லதாங்க சூப்பர் ராட் உதிச்சது" என்றேன். கிரேக்கர்களின் அறிவுத் தெய்வத்தின் பெயரை வைத்திருக்கும் ஊரில் அப்படி ஒரு வாக்கியத்தைச் சொல்ல எனக்கே கொஞ்சம் கூச்சமாகத்தான் இருந்தது. திரும்பி வரும் நாலு மணி நேரமும் காரில் இளையராஜா மட்டும்தான் பேசினார்.

பழைய மண் வண்டி வாங்குபவன் முதலில் கற்றுக்கொள்ள வேண்டியது விளம்பர மொழி. "எல்லாம் ஒரிஜினல்" என்றால் இதுவரை யாரும் துடைக்கவில்லை என்று பொருள். "சிறு வேலை பாக்கி" என்றால் என்ஜின் தனி அட்டைப் பெட்டியில் இருக்கிறது. எல்லாவற்றுக்கும் மேல், இந்த உலகத்தின் மகா வாக்கியம் ஒன்று உண்டு: "நிறுத்தியபோது ஓடிக்கொண்டிருந்தது." நான் வாங்கிய எலிக்கும் இதைத்தான் எழுதியிருந்தார்கள். சுடுகாட்டில் இருக்கிற எல்லோருக்குமே இதை எழுதலாம். விற்றவர் என்னைத் தானியக் கொட்டகைக்குள் அழைத்துப் போய், வைக்கோல், கம்பி வலை, உடைந்த பனிச்சறுக்குப் பலகை எல்லாவற்றையும் விலக்கி, 1983 என்றோ 1984 என்றோ நிறுத்தப்பட்ட என் எலியைக் காட்டினார். எலிக்குள் எலி கூடு கட்டியிருந்தது. ஏர் ஃபில்டர் பெட்டிக்குள், பஞ்சு வைத்து, மிக வசதியாக. அதையும் சேர்த்துத்தான் விலை சொன்னார்.

பேரம் பேசிப் பார்த்தேன். தோள்பட்டையைக் குலுக்கிவிட்டு, "போன வாரம்கூட ஒருத்தர் வந்து கேட்டார்" என்றார். இது அம்பாசமுத்திரம் மாட்டுச் சந்தையிலும் சொல்கிற வசனம்தான். தெரிந்தே ஏமாந்தேன்.

வாங்கிய பிறகுதான் உறைத்தது. விளக்கும் நம்பர் பலகையும் இல்லாத வண்டியைத் தெருவில் ஓட்ட முடியாது. ஓட்டுகிற இடத்துக்கு இன்னொரு வண்டியில் ஏற்றித்தான் கொண்டுபோக வேண்டும். ஆக, வாகனத்துக்கு ஒரு வாகனம் வேண்டும். பிக்கப் வாங்கலாமா என்று வீட்டில் பேச்சை எடுத்தேன். பிள்ளையாருக்கு மூஞ்சூறு வாகனம், மூஞ்சூறுக்கு எது வாகனம் என்று எந்தப் புராணத்திலும் சொல்லவில்லை என்று பதில் வந்தது. பேச்சு அதோடு முடிந்தது. டிரெய்லர் வாடகைக்கு எடுக்கிறேன்.

பிஸ்டன் சிலிண்டரோடு ஒட்டிக்கொண்டிருந்தது. ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, துளை வழியாக எண்ணெய் ஊற்றி மூன்று வாரம் ஊறவைத்தேன். ஊறுகாய்க்குக்கூட அவ்வளவு பொறுமையாக யாரும் காத்திருந்திருக்க மாட்டார்கள். பிறகு கார்புரேட்டர், உள்ளே பெட்ரோல் காய்ந்து வெல்லப்பாகு மாதிரி ஆகியிருந்தது. பிறகு பாயின்ட். இந்தக் கால வண்டிகளில் எல்லாம் மின்னணு என்பதால் பாயின்ட் என்றால் என்ன என்று என் மகனுக்கு விளக்க வேண்டியிருந்தது. இரண்டு சின்ன உலோக முனைகள், ஒன்றையொன்று தொட்டும் விட்டும் பொறியை உண்டாக்கும். இடைவெளி ஒரு மில்லிமீட்டரில் மூன்றில் ஒரு பங்கு. கூடினாலும் ஓடாது, குறைந்தாலும் ஓடாது என்றேன். "அப்ப எப்பத்தான் ஓடும்?" என்றான். அம்பாசமுத்திரத்தில் எங்கள் மெக்கானிக் அண்ணன் பாயின்டை உப்புத்தாளில் இரண்டு தேய்ப்பு தேய்த்து, கண்ணாலேயே இடைவெளி பார்த்து, பீடியை வாயிலிருந்து எடுக்காமலே "உதைங்க தம்பி" என்பார். பெட்ரோல் டாங்குக்கும் பீடிக்கும் நடுவில் ஒரு முழம்தான் இருக்கும். நான் ஃபீலர் கேஜ், டிஜிட்டல் மீட்டர், மூன்று யூடியூப் காணொளிகள் சகிதம் இரண்டு சனிக்கிழமை உட்கார்ந்தேன்.

எண்ணெய்க் கலவை தனிப் புராணம். டூ ஸ்ட்ரோக் வண்டிக்குப் பெட்ரோலிலேயே ஆயிலைக் கலந்து ஊற்ற வேண்டும் என்பது நம்மூரில் பங்க் பையனுக்கே தெரியும். இங்கே எவ்வளவு கலப்பது என்று கேட்டால் சைவ வைணவச் சண்டை. இருபதுக்கு ஒன்று என்பது பழைய மடம். இன்றைய ஆயில் உயர்ந்தது, முப்பத்திரண்டுக்கு ஒன்றே போதும் என்பது புதிய மடம். இரண்டு தரப்பிலும் பிஸ்டன் பிடித்தவர்கள் இருக்கிறார்கள். அது எதிர்த் தரப்பின் தூண்டுதல் என்றே நினைக்கிறார்கள். நான் லிட்டருக்கு ஐம்பது மில்லி கலக்கிறேன். அப்பாவின் யெஸ்டிக்கு ஊற்றிய கை. குறைத்து ஊற்ற வரவில்லை.

முதல்முறை ஸ்டார்ட் ஆன அன்று, மகன் நாற்பத்தேழாவது உதை வரை எண்ணிக்கொண்டிருந்துவிட்டு உள்ளே சாப்பிடப் போய்விட்டான். ஐம்பத்து மூன்றோ நாலோ இருக்கும். "ரிங் டிங் டிங்" என்று கிளம்பியதே பார்க்கலாம். பல வருட ஆயில் சைலன்சருக்குள்ளிருந்து வெண்புகையாகக் கிளம்பி, கராஜை நிறைத்து, புல்வெளியைத் தாண்டி, எதிர்வீட்டுத் தாழ்வாரத்தில் போய் உட்கார்ந்தது. பக்கத்து வீட்டு மூதாட்டி தீயணைப்புக் கருவியோடு ஓடிவந்தார். வீடியோ அழைப்பில் இருந்த அம்மா, "கொசு மருந்து வண்டி வந்திருக்கா? எங்க தெருவுக்கும் வரச் சொல்லு" என்றாள். அந்தப் புகையின் மணம்! விற்பனைக்கு வைத்தால் வாங்குவேன். மனைவி ஜன்னல்களைச் சாத்தும் சத்தம் ஒவ்வொன்றாகக் கேட்டது.

ஆயுத பூஜைக்கு எலிக்குச் சந்தனம், குங்குமம் வைத்து, சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்தோம். "எலி இருக்கு, பிள்ளையார் எங்கம்மா?" என்று மகன் கேட்டான். "பொறு, இப்ப ஏறி உக்காருவாரு" என்றாள் அவள், என் வயிற்றைப் பார்த்தபடி.

இனி, என் கூட்டாளிகளைப் பற்றிச் சொல்லாவிட்டால் நான் மட்டும்தான் இப்படி என்று நீங்கள் நினைத்துவிடுவீர்கள். வருடத்துக்கு இரண்டு மூன்று முறை மைதானத்தில் கூடுகிறோம். அங்கே ஹொடாகா வைத்திருப்பவன் நடுத்தர வர்க்கம். மேலே பிரபுக்கள் இருக்கிறார்கள். ஒருவரிடம் ரோகான் ஆர்.டி. 340. எழுபதுகளில் அமெரிக்காவிலேயே செய்த மண் வண்டி. கியர் கிடையாது, பனிவண்டியில் இருப்பது போன்ற பெல்ட், ஆட்டோமேட்டிக். உதைத்து ஸ்டார்ட் செய்ய முடியாது. கயிற்றைப் பிடித்து இழுக்க வேண்டும். எங்கள் ஊர் வயல்களில் பம்ப் செட்டைக் கயிறு சுற்றி இழுப்போமே, அதேதான். பந்தயத்தின் நடுவில் வண்டி நின்றுவிட்டால் இவர் இறங்கி, குனிந்து, கயிற்றை இழுப்பார். எனக்கு நாலாம் மடையில் தண்ணீர் வருகிறதா என்று திரும்பிப் பார்க்கத் தோன்றும். அதே ரோகானின் இன்னொரு பிறவி டிரெயில் பிரேக்கர். முன் சக்கரம், பின் சக்கரம் இரண்டையும் என்ஜினே சுற்றும். சக்கரங்கள் உள்ளே கூடு; அதில் பெட்ரோலோ தண்ணீரோ ஊற்றிவைத்துக்கொள்ளலாம், காலியாக வைத்தால் வண்டி தண்ணீரில் மிதக்கும். ஒரு மோட்டார்சைக்கிள் ஏன் மிதக்க வேண்டும் என்று நான் கேட்டேன். "ஏன் கூடாது?" என்றார். இந்தக் கூட்டத்தில் எல்லாக் கேள்விக்கும் அதுதான் பதில்.

இன்னொருவரிடம் புல்டாகோ. ஸ்பெயின் வண்டி. பிரான்சிஸ்கோ புல்டோ என்பவர், தான் பங்குதாரராக இருந்த மொன்டேசா கம்பெனி பந்தயத்தை விட்டு விலகியதும், கோபித்துக்கொண்டு 1958இல் வெளியே வந்து ஆரம்பித்தது. அவருடைய செல்லப் பெயர் பாக்கோ. புல்டோவும் பாக்கோவும் சேர்ந்து புல்டாகோ. நம்மூரில் கடைக்குப் பிள்ளைகள் பெயரைச் சேர்த்து வைப்போம், இவர் தன் பெயரையே தன்னோடு சேர்த்து வைத்திருக்கிறார். டாங்கில் கட்டைவிரல் உயர்த்திய கை முத்திரை இருக்கும். இதில் கியர் வலது காலில், பிரேக் இடது காலில், கிக்கர் இடப்பக்கம். இங்குள்ளவர்கள் இதில் ஏறினாலே தடுமாறுவார்கள். "நான் புல்லட் ஓட்டிப் பழகியவன், எனக்கு வலது கால் கியர் தாய்மொழி" என்று பெருமையாக வாங்கி ஏறினேன். ஓட்டவும் செய்தேன். ஆனால் காலையில் எலியை இடது கால் கியரில் ஓட்டியிருந்ததை என் கால்கள் மறக்கவில்லை. முதல் வளைவில் கியரைக் குறைப்பதாக நினைத்து பிரேக்கை மிதித்து, பிரேக்கைப் போடுவதாக நினைத்து கியரை ஏற்றி, பிளாக்பெரிப் புதருக்குள் போனேன். அந்த முள்ளுக்கு இங்கே பெயர் இமாலயன் பிளாக்பெரி. இமயத்துக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. ஆனால் நம்மூர்ப் பெயர் என்பதால் என்னை நன்றாகவே கட்டிப்பிடித்துக்கொண்டது.

கோயம்புத்தூரில் படிக்கும் என் அக்கா மகன் கே.டி.எம். ட்யூக் வைத்திருக்கிறான். அது சாகனில் பஜாஜ் ஆலையில் செய்வது என்பது வரைக்கும் அவனுக்குத் தெரியும். நான் விட்டேனா? ஒஹையோக்காரர் ஜான் பென்டன் 1967இல் ஆஸ்திரியா போய், அப்போது மொபெட்டும் சைக்கிளும் செய்துகொண்டிருந்த கே.டி.எம்.மிடம், தன் கைக்காசு ஆறாயிரம் டாலரை வைத்து, "எனக்கொரு மண் வண்டி செய்து கொடு" என்று கேட்டார், பென்டன் என்ற பெயரிலேயே அது அமெரிக்காவில் பத்து வருடம் விற்றது, அந்தப் பாதையில்தான் கே.டி.எம். மண்ணில் பேர் வாங்கியது, ஆக உன் வண்டிக்கு அவர்தான் குலதெய்வம் என்று போனில் அரை மணி நேரம் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டான். "மாமா, உங்க வண்டி மைலேஜ் எவ்வளவு தரும்?" என்றான். போன வருடம் மொத்தமே பதினோரு மைல்தான் ஓடியது என்பதைச் சொல்லவில்லை.

பந்தயத்தையும் சொல்லிவிடுகிறேன். வின்டேஜ் மோட்டோகிராஸ் சங்கத்தின் விதிப்படி பழைய வண்டி என்றால் 1974 வரை வந்த மாடல். முன் சஸ்பென்ஷன் ஏழு அங்குலத்துக்கு மேல் அசையக் கூடாது, பின்னால் நாலு அங்குலத்துக்கு மேல் கூடாது. இன்றைய வண்டிகள் பன்னிரண்டு அங்குலம் அசைகின்றன. பாக்கி எட்டு அங்குலத்தை நம் முதுகெலும்பு கொடுக்க வேண்டும் என்பது எழுதப்படாத விதி. என்னைச் சிறிய வண்டிகள் பிரிவில் நிறுத்தினார்கள். அதே நேரத்தில், சற்று இடைவெளி விட்டு, எழுபது வயதைத் தாண்டியவர்களின் பிரிவும் கிளம்பியது. ஐந்தாவது நிமிடத்தில் அவர்கள் வந்துவிட்டார்கள். ஒருவர் என்னைத் தாண்டும்போது தலையைத் திருப்பி, "நல்ல வண்டி!" என்று பாராட்டிவிட்டுப் போனார். பேச்சுக் கொடுக்கும் வேகத்தில்தான் நான் போய்க்கொண்டிருந்தேன். முடிவில் எனக்குப் பின்னால் ஒருவர் இருந்தார் என்பது உண்மை. அவருக்குச் செயின் கழன்றிருந்தது.

அன்று மைதானத்தின் ஓரத்தில் சிவப்பு டாங்கோடு ஒரு வண்டி சாய்ந்து நின்றது. ஒரே சிலிண்டர்; அதிலிருந்து இரண்டு சைலன்சர் குழாய், பக்கத்துக்கு ஒன்று. எனக்கு மூச்சு நின்றுவிட்டது. சி.இசட். செக்கோஸ்லோவாகியாவில் ஸ்ட்ரகோனிட்ஸ என்ற ஊரில் செய்தது. 1964இல் பெல்ஜியத்துக்காரர் ஜோயல் ராபர்ட், இருபது வயதில், 250 சிசி உலகப் பட்டம் வென்றது சி.இசட்.டில்தான், மொத்தம் ஆறு உலகப் பட்டம், அதில் மூன்று இந்தக் கம்பெனியின் வண்டியில். எனக்கு மூச்சு நின்றதற்கு அவர் காரணமில்லை. போருக்குப் பின் நாட்டுடைமையான காலத்தில் ஜாவாவும் சி.இசட்.டும் ஒரே குடும்பத்தில் வளர்ந்த பிள்ளைகள். அந்த ஜாவாவைத்தான் 1961இலிருந்து மைசூரில் செய்தார்கள். அது பிறகு யெஸ்டி என்று பெயர் மாற்றிக்கொண்டது. எங்கள் கடை வண்டிக்கும் ஒரே சிலிண்டர், இரண்டு சைலன்சர். உலகப் பட்டம் வென்ற வண்டி, அம்பாசமுத்திரம் உரக்கடை வண்டிக்குப் பெரியப்பா மகன்.

அப்பா அந்த யெஸ்டியில் யூரியா மூட்டையைப் பின்னால் குறுக்கே போட்டுக் கட்டி, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, நடவு முடிந்த வயலின் வரப்பில் ஓட்டுவார். வரப்பின் அகலம் ஒரு முழம். இரண்டு பக்கமும் சேறு. மூட்டை ஐம்பது கிலோ. மழை வந்தால் ஒரு கையில் குடை வேறு. ஹெல்மெட் கிடையாது, முழங்கால் கவசம் கிடையாது, அதை விளையாட்டு என்று சொல்ல ஆளும் கிடையாது. விழுந்து நான் பார்த்ததில்லை. மைதானத்தில் எனக்கு ஐந்து வயது மூத்தவர்கள் ஆயிரம் டாலர் பெறுமான கவசங்களோடு இறங்குவதைப் பார்க்கும்போதெல்லாம், வேட்டியோடு ஒரு ஆளை இறக்கிவிடலாம் என்று தோன்றும்.

அம்மா முதல் நாளே சொன்னாள், நம்ம கடை வண்டி மாதிரில்லா இருக்கு என்று. அன்று காதில் விழவில்லை.

கடைசியாக ஒரு விண்ணப்பம். 1998இல் அப்பா கடையை மூடியபோது, அந்த யெஸ்டியைப் பழைய இரும்புக்காரருக்கு எடைக்குப் போட்டவன் நான்தான். நூற்று முப்பத்தெட்டு கிலோ, கிலோ ஏழு ரூபாய், தொள்ளாயிரத்து அறுபத்தாறு ரூபாய் எண்ணி வாங்கிக்கொண்டேன். "நல்லா ஓடுத வண்டி தம்பி, இத உடைக்க மனசு வராது, யாருக்காவது குடுத்திருதேன்" என்று அவர் சொன்னதுதான் இன்று என் ஒரே நம்பிக்கை. கல்லிடைக்குறிச்சி, வீரவநல்லூர், பாபநாசம் பக்கம் யார் வீட்டு மாட்டுக் கொட்டகையிலாவது அது நிற்கலாம். கறுப்பு வண்டி. மூட்டை வைப்பதற்காகப் பின்னால் இரும்புக் கோணத்தில் ஒரு கேரியர் வெல்டிங் செய்திருக்கும். கியர் கம்பியே கிக்கராகவும் இருக்கும். டாங்கின் இடப்பக்கம் யூரியா பட்டுப் பெயின்ட் உள்ளங்கை அகலத்துக்கு வெளுத்திருக்கும். பார்த்தவர்கள் இந்தப் பத்திரிகை முகவரிக்கு ஒரு கார்டு போடுங்கள். விலை நீங்கள் சொல்வதுதான். என் வீட்டுக்குத் தெரிய வேண்டாம். வண்டி ஓட வேண்டும் என்று இல்லை. நிறுத்தியபோது ஓடிக்கொண்டிருந்தது, அதற்கு நானே சாட்சி.